மடியில் கனம்

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம்னு பெரியவங்க சொல்வாங்க. அந்தப் பழமொழியில வர்ற மடி வேட்டி மடிப்பு, கனம் காசு. மடிக்கணினிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைதான். ஆனாலும் இந்தப் பொட்டியோட நாற்பது சொச்சம் வருஷ சரித்திரத்தை ஒரே வரியில சொல்லணும்னா, இதைவிடப் பொருத்தமா எனக்கு ஒண்ணும் கிடைக்கலை. முதல்ல கனத்தைக் குறைக்கப் படாத பாடு பட்டாங்க. கனம் குறைஞ்சது. குறைஞ்ச கையோட வேற ஒரு பயம் வந்து சேர்ந்துச்சு. அது என்னன்னு கடைசியில வர்றேன்.

போன மாசம் புதுசா ஒரு மடிக்கணினி வாங்கினேன். எடை 1.3 கிலோ. புதுப் பொட்டி வந்தா எல்லாரும் உள்ளே என்ன மென்பொருள் போடலாம்னு பார்ப்பாங்க. எனக்கு எப்பவும் வெளியில, அடியில, ஓரத்துல என்ன இருக்குன்னு பார்க்கிற புத்தி. ரெண்டு வாரமா ஒவ்வொரு பாகமா தடவிப் பார்த்து, இது எங்கேருந்து வந்துச்சு, யார் யோசிச்சது, இதை எப்படி ஒழுங்கா பயன்படுத்தறதுன்னு தேடித் தேடிப் படிச்சேன். அதோட விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு டீயோட வந்து உட்காருங்க :-)

அரிசி மூட்டைக் காலம்

மடியில வச்சுக்கிற கணினிங்கிற எண்ணம் கணினியைவிட முன்னாடி ஓடினது. ஆலன் கேங்கிற அமெரிக்கர் 1968-லயே அட்டையில ஒரு மாதிரி செஞ்சு, உள்ளே ஈயக் குண்டுகளைப் போட்டு, எவ்வளவு எடை வரைக்கும் மனுஷனால கையில வச்சுக்க முடியும்னு பார்த்தார். 1972-ல ஜெராக்ஸ் நிறுவனத்தோட ஆராய்ச்சிக் கூடத்துல இருந்தப்போ அதைக் கட்டுரையா எழுதினார். பேர் டைனாபுக். நோட்டுப் புத்தக அளவு, ரெண்டு கிலோவுக்குக் கீழே எடை, விலை 500 டாலர். யாருக்காக? கம்பெனி மேனேஜருக்கு இல்லை, குழந்தைகளுக்கு! அன்னிக்கு ஒரு கணினியை வைக்கவே ஒரு அறை வேணும். அந்த மனுஷனை எல்லாரும் எப்படிப் பார்த்திருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

கனவு நனவாக ஆரம்பிச்சப்போ வந்தது மடிக்கணினி இல்லை, தூக்குக் கணினி. 1981-ல வந்த ஆஸ்போர்ன் 1 சுமார் 10.7 கிலோ. தையல் மிஷின் பொட்டி மாதிரி கைப்பிடி. திரை 5 அங்குலம். பேட்டரி கிடையாது, போற இடத்துல பிளக் பாயிண்ட் தேடணும். பத்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிட்டு டவுன் பஸ்ல ஏறி இருக்கீங்களா? அதான். ஆனா விலை 1,795 டாலர், மென்பொருளும் கூடவே வந்ததால ஜனங்க க்யூவில நின்னு வாங்கினாங்க. காம்பேக் நிறுவனம் 1983-ல விற்பனைக்குக் கொண்டுவந்தது இன்னும் ரெண்டு கிலோ அதிகம்.

இந்தப் பக்கம் எடையை நிஜமாவே குறைச்சவங்களும் இருந்தாங்க. ஜப்பான்ல எப்சன் கம்பெனி எச்எக்ஸ்-20ன்னு ஒண்ணு கொண்டுவந்தது. 1.6 கிலோதான். ஆனா திரையில தெரியறது நாலே நாலு வரி, வரிக்கு 20 எழுத்து. 1983-ல ரேடியோ ஷாக் விற்ற மாடல் 100-ல எட்டு வரி. சாதாரண டார்ச் லைட் பேட்டரி மாதிரி நாலு சின்ன செல் போட்டா சுமார் 20 மணி நேரம் ஓடும். பத்திரிகைக்காரங்க அதை எங்கே போனாலும் தூக்கிட்டுப் போய், தொலைபேசி வழியா செய்தி அனுப்பினாங்க. தான் நிறைய நிரலைக் கையால எழுதின கடைசி இயந்திரம் அதுதான்னு பில் கேட்ஸே சொல்லியிருக்கார்.

ஆக ஒரு பக்கம் பெரிய திரை, பெரிய எடை. இன்னொரு பக்கம் சின்ன எடை, எலிப்பொறி அளவு திரை. நடுவுல ஒரு வழி வேணும்.

கீல்

அந்த வழி ஒரு கதவுக் கீல். என்னோட புதுப் பொட்டியில நான் ரொம்ப நேரம் திறந்து மூடி விளையாடின பாகம் இதுதான். ஒரு விரலால தூக்கினா மேல் பாதி எழும்புது, விட்ட இடத்துல நிக்குது.

இதை முதல்ல வடிவமைச்சவர் பில் மாக்ரிட்ஜ்ங்கிற ஆங்கிலேயர். கலிபோர்னியாவுல ஜான் எல்லன்பி ஆரம்பிச்ச க்ரிட் சிஸ்டம்ஸ் கம்பெனிக்காகச் செஞ்சது. 1982-ல விற்பனைக்கு வந்த க்ரிட் காம்பஸ், திரையை விசைப்பலகை மேல கவிழ்த்து மூடற முதல் கணினிகள்ல ஒண்ணு. மூடினா திரைக்கும் பாதுகாப்பு, விசைகளுக்கும் பாதுகாப்பு, பைக்குள்ள போடறதுக்கும் தோது. சிப்பி மாதிரி. இன்னிக்கு நமக்கு இது ரொம்ப சாதாரணமா தெரியுது. நல்ல யோசனைன்னாலே அப்படித்தான், வந்ததுக்கு அப்புறம் யாருக்கு வேணும்னாலும் தோணியிருக்கும்னு தோணும்.

காம்பஸோட விலை 8,150 டாலர். உடம்பு மக்னீசியக் கலவை, எடை சுமார் 5 கிலோ, திரை ஆரஞ்சு கலந்த மஞ்சள்ல ஒளிரும். பேட்டரி இதுலயும் இல்லை. இந்த விலைக்கு யார் வாங்குவா? அமெரிக்க ராணுவம் வாங்கிச்சு, நாசா வாங்கிச்சு. 1983 நவம்பர்ல கொலம்பியா விண்ணோடத்துல இது விண்வெளிக்கே போச்சு. அங்கே ஒரு சிக்கல். பூமியில சூடான காத்து தானா மேல எழும்பிப் போயிடும். எடையில்லாத இடத்துல மேல ஏது, கீழ ஏது? சூடு பொட்டியைச் சுத்தியே நிக்கும். அதனால விண்வெளிக்குப் போறதுக்குன்னே உள்ளே ஒரு சின்ன விசிறி வச்சாங்க.

மாக்ரிட்ஜ் பின்னாடி சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. தான் செஞ்ச பொட்டியை முதல் தடவை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்தினப்போ, கொஞ்ச நேரத்துல திரைக்குள்ள மூழ்கி, ஆசை ஆசையா வடிவமைச்ச உடம்பையே மறந்துட்டாராம். அந்த அனுபவத்துக்கு அப்புறம் அவர் வேலையோட திசையே மாறிச்சு. நாமளும் வாங்கின மூணாம் நாள் உடம்பை மறந்துடறோம். அதுக்கு உடம்புக்கு வந்தாத்தான் நினைப்பு வரும்.

1985-ல தோஷிபா டி1100 வந்தப்போதான் மடிக்கணினி சாமானியன் கைக்கு எட்டற பொருளா ஆச்சு. டோக்கியோ தலைமையகம் ஆர்வம் காட்டாதப்போ, ஐரோப்பிய விற்பனையைப் பார்த்துக்கிட்ட அட்சுதோஷி நிஷிதா விடாப்பிடியா நின்னு கொண்டுவந்தார். நாலு கிலோ, பேட்டரி உண்டு, கீல் உண்டு, ஐபிஎம் கணினியில ஓடற மென்பொருள் இதுலயும் ஓடும். அந்த நிஷிதா 2005-ல தோஷிபாவுக்கே தலைவர் ஆனார்.

கை வைக்கிற இடம்

உங்க மடிக்கணினியைப் பாருங்க. விசைப்பலகை திரையை ஒட்டி இருக்கும். முன்னாடி கை வைக்க இடம், நடுவுல தொடுபலகை. 1991 அக்டோபர் வரைக்கும் பெரும்பாலான பொட்டிகள்ல இது தலைகீழ். விசைப்பலகை நம்ம வயித்தை ஒட்டி, பின்னாடி வெத்து இடம். மணிக்கட்டு அந்தரத்துல தொங்கும். ஆப்பிள் அந்த மாசம் வெளியிட்ட பவர்புக்லதான் விசைப்பலகையைப் பின்னுக்குத் தள்ளி, முன்னாடி ஒரு உருட்டுப் பந்தை வச்சாங்க. சில வருஷத்துல ஊர் உலகமே அதைப் பின்பற்றிச்சு.

1992 அக்டோபர்ல ஐபிஎம்மோட திங்க்பேட் 700சி. விசைகளுக்கு நடுவுல சிவப்பா ஒரு பொட்டு இருக்குமே, அதுக்குக் காரணம் டெட் செல்கர். விசைப்பலகையிலேருந்து மவுஸுக்குக் கை போக முக்கால் விநாடி, திரும்பி வர முக்கால் விநாடின்னு ஒரு ஆய்வுல படிச்சுட்டு, கையை எடுக்காமலே அம்பை நகர்த்த வழி தேடினார். அதுல ஒரு கூத்து. ஐபிஎம் விதிப்படி சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானுக்கு மட்டும்தான். இங்கே சிவப்பு கூடாதுன்னு தகராறு. காகிதத்துல அந்த நிறத்துக்கு மெஜந்தான்னு பேர் போட்டு வடிவமைப்பாளர்கள் காரியத்தை முடிச்சுட்டாங்க. அரசாங்க ஆபீஸ் நம்ம ஊர்ல மட்டும்தான்னு யார் சொன்னது?

தொடுபலகை, ஜார்ஜ் கெர்ஃபைடோட கண்டுபிடிப்பை வாங்கி ஆப்பிள் 1994-ல பவர்புக் 500-ல வச்சது மூலமா பரவிச்சு. அது விரலோட அழுத்தத்தைப் பார்க்கிறதில்லை. விரல் கிட்ட வந்தா மின்புலம் மாறும், அந்த மாற்றத்தைப் பார்க்குது. நகத்தால தொட்டா வேலை செய்யாததும், கை ஈரமா இருந்தா அம்பு பேய் பிடிச்ச மாதிரி ஓடறதும் அதனாலதான்.

விசைகள் மேல இருக்கிற எழுத்து வரிசை 1870-கள்ல ரெமிங்டன் தட்டச்சுப் பொறியில வந்தது. என் பொட்டியில தமிழ் எழுத்து ஒண்ணுகூட அச்சாகி வரலை. 1999-ல சென்னை மாநாட்டையொட்டி தமிழ்99 வந்து, அரசாங்கமும் ஏத்துக்கிட்டும், கடையில விக்கிற பொட்டியில அதைப் பார்க்கிறது அபூர்வம். ஈ-கலப்பை பிடிச்சு உழுத கை நம்ம கை. விசையில எழுத்து இல்லைன்னா என்ன, விரல்ல இருக்கு.

கேரட்லேருந்து வந்த திரை

திரைக்கு வருவோம். 1888-ல பிராக் நகரத்துல ஃபிரீட்ரிக் ரெய்னிட்சர்ங்கிற தாவரவியலாளர் கேரட்லேருந்து பிரிச்ச ஒரு பொருளைச் சூடாக்கினார். 145.5 டிகிரியில உருகிக் கலங்கலா ஆச்சு. 178.5-ல மறுபடி மாறித் தெளிஞ்சது. ஒரே பொருளுக்கு ரெண்டு உருகுநிலையா? நடுவுல இருந்த அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். ஓடவும் செய்யும், படிகம் மாதிரி ஒழுங்காகவும் நிக்கும். அதை மின்சாரத்தால திருப்பி ஒளியைத் திறந்து மூட முடியும்னு காட்டி, கடிகாரம், கால்குலேட்டர்னு பயன்படுத்த 1970 தாண்டணும்.

ஆரம்ப மடிக்கணினித் திரைகள்ல ஒவ்வொரு புள்ளிக்கும் தனி ஆள் கிடையாது. வரிசைக்கும் நெடுவரிசைக்கும் மின்சாரம் கொடுத்து ஒப்பேத்துவாங்க. அம்பை வேகமா நகர்த்தினா காணாம போகும், இல்லைன்னா வால் விட்டுட்டு ஓடும். புள்ளிக்கு ஒரு டிரான்சிஸ்டர் வச்சுக் காவல் போட்டதுதான் டிஎஃப்டி. திங்க்பேட் 700சி-யோட 10.4 அங்குல வண்ணத் திரை அந்த வகை. விலை 4,350 டாலர், அதுல பெரும் பங்கு அந்தத் திரைக்குத்தான்.

இங்கே நம்ம பக்கத்து ஆள் ஒருத்தரைச் சொல்லியே ஆகணும். சிவராமகிருஷ்ண சந்திரசேகர். சர் சி.வி. ராமனோட தங்கச்சி மகன், ராமனுக்கு மருமகப்பிள்ளை முறை. பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்துல திரவப் படிகங்களுக்குன்னே ஒரு ஆய்வுக் கூடத்தைக் கட்டினவர். அதுவரை தெரிஞ்ச திரவப் படிக மூலக்கூறு எல்லாம் குச்சி மாதிரி. தட்டு மாதிரி இருக்கிற மூலக்கூறும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி நிக்கும்னு அவரும் அவர் சகாக்களும் 1977-ல கண்டுபிடிச்சாங்க. இட்லித் தட்டு அடுக்கின மாதிரின்னு வச்சுக்குங்களேன். அந்தக் காலத்து மடிக்கணினித் திரையைப் பக்கவாட்டுல இருந்து பார்த்தா நிறம் தலைகீழா மாறுமே, ஞாபகம் இருக்கா? அதைச் சரி பண்ண 1990-கள்ல ஜப்பான்ல செஞ்ச ஒரு மெல்லிய படலத்துல இருந்தது இந்தத் தட்டு மூலக்கூறுகள்தான். திரை வாங்கறப்போ இவர் பேர் யார் கண்ணுலயும் படாது. 2004-ல காலமானார்.

என் பொட்டித் திரை ஐபிஎஸ் வகை. போலீஸ் அதிகாரி இல்லீங்க :-) மூலக்கூறுகள் திரையோட தளத்துலயே சுழல்ற ஏற்பாடு, அதனால எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் நிறம் ஓரளவு மாறாது. நீங்க வாங்கறப்போ கடையில செய்ய வேண்டிய சோதனை ஒண்ணே ஒண்ணு: எழுந்து நின்னு பாருங்க, பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து பாருங்க. நிறம் மாறினா யோசிங்க.

பேட்டரி: பாட்டன் சொன்ன அறிவுரை

1989-ல ஆப்பிள் வெளியிட்ட மேக்கின்டோஷ் போர்ட்டபிள் 7 கிலோவுக்கு மேல. காரணம், உள்ளே ஈய அமில பேட்டரி. ஸ்கூட்டர்ல இருக்குமே, அந்த ஜாதி. அந்த பேட்டரி சுத்தமா செத்துப் போச்சுன்னா, சுவத்துல பிளக் சொருகியிருந்தாலும் கணினி கிளம்பாது!

மத்தவங்க நிக்கல் காட்மியம் போட்டாங்க. அதுக்கு ஒரு வியாதி. பாதி தீர்ந்ததும் சார்ஜ் போட்டுப் போட்டுப் பழக்கினா, அந்தப் பாதியிலயே படுத்துக்கும். "முழுசா தீர விட்டு அப்புறம் சார்ஜ் போடு"ங்கிற அறிவுரை அந்தக் காலத்துது. பாட்டன் சொன்ன அந்த மருந்தை நாம பேரனுக்கும் கொடுத்துக்கிட்டு இருக்கோம். இன்னிக்கு உள்ள லித்தியம் அயனுக்கு அது மருந்து இல்லை, விஷம். அதுக்கு நடு நிலைதான் பிடிக்கும். அடி வரைக்கும் வத்தவும் கூடாது, நாள் முழுக்க நூறுல, சூட்டோட, சொருகியே கிடக்கவும் கூடாது. பல பொட்டிகள்ல 80 சதவீதத்தோட நிறுத்தற வசதி உண்டு. வீட்டுலயே வச்சுப் பயன்படுத்தறவங்க முதல் நாளே அதைப் போட்டு விடுங்க.

லித்தியம் அயன் மூணு பேர் தோள் மேல நின்ன கதை. 1970-கள்ல ஸ்டான்லி விட்டிங்ஹாம் அடிப்படையைப் போட்டார். 1980-ல ஆக்ஸ்ஃபோர்டுல ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடு மூலமா மின்னழுத்தத்தை நாலு வோல்ட்டுக்கு உயர்த்தினார். 1985-ல ஜப்பான்ல அகிரா யோஷினோ, ஆபத்தான லித்தியம் உலோகத்தை எடுத்துட்டு கார்பனை வச்சு, நம்பிப் பயன்படுத்தற மாதிரி ஆக்கினார். 1991-ல சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. குட்இனஃபோட கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுக்க ஆக்ஸ்ஃபோர்டு முன்வரலை. உலகமே சட்டைப் பையிலயும் மடியிலயும் சுமக்கிற பொருள், அவருக்கு அதுல ராயல்டி காசு வரலை. 2019-ல மூணு பேருக்கும் வேதியியல் நோபல் கிடைச்சப்போ அவருக்கு வயசு 97. 2023-ல நூறு வயசு நிறைஞ்சு போய்ச் சேர்ந்தார்.

கனம் குறைஞ்சதும் நெருப்பும் மடிக்கு வந்துச்சு. 2006 ஆகஸ்ட்ல டெல் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்ப வாங்கிச்சு. செல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள் சேர்ந்து போனதுதான் காரணம். உங்க பேட்டரி மேல வோல்ட், ஆம்பியர்-மணி, வாட்-மணின்னு அச்சடிச்சிருக்கும். முதல் ரெண்டையும் பெருக்கினா மூணாவது வரும். 11.4 வோல்ட், 4 ஆம்பியர்-மணின்னா 45.6 வாட்-மணி. விமானத்துல தனி அனுமதி இல்லாம கையில எடுத்துட்டுப் போக உச்ச வரம்பு 100 வாட்-மணி. பெரிய மடிக்கணினிகள்ல 99 வாட்-மணியோட பேட்டரி நிக்கிறதோட ரகசியம் அதுதான்.

சூடும் ஞாபகமும்

அடியில மூடி வழியா பார்த்தா ஒரு விசிறியும் தட்டையான செப்புக் குழாயும் தெரியும். அது வெறும் கம்பி இல்லை. உள்ளே கொஞ்சூண்டு திரவம் இருக்கு. செயலி பக்கத்துல ஆவியாகி, விசிறி பக்கம் ஓடி, குளிர்ந்து திரவமாகி, குழாயோட உள்சுவத்துத் திரி வழியா திரும்பி வரும். இட்லிப் பானை மூடியில நீர் கோத்துச் சொட்டுமே, அதே வேலை. 1963-ல அமெரிக்காவுல லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிக் கூடத்துல ஜார்ஜ் குரோவர் இதைச் செஞ்சு காட்டினார். நோக்கம் விண்வெளி. பெரும்பாலான பொட்டி காத்தை அடியிலேருந்துதான் இழுக்கும். மெத்தை மேலயோ தலையணை மேலயோ வச்சா மூச்சு முட்டும். மடிக்கணினியை மடியில வைக்காதேன்னு கம்பெனிக்காரனே கையேட்டுல எழுதற காலம்!

ரேம் ஓட்டைக் குடம். 1966-ல ஐபிஎம்ல ராபர்ட் டென்னார்ட் கண்டுபிடிச்ச முறைப்படி, ஒவ்வொரு துளி ஞாபகமும் ஒரு துளி மின்னூட்டம். அது ஒழுகிக்கிட்டே இருக்கும். விநாடிக்குப் பல தடவை ஊத்தி நிரப்பணும். மூடி வச்சுத் தூங்கப் போட்ட பொட்டியிலயும் பேட்டரி குறையறதுக்கு அது ஒரு காரணம்.

ஒழுகாத குடத்தைச் செஞ்சவர் தோஷிபாவுல இருந்த ஃபுஜியோ மசுவோகா. 1984-ல ஃப்ளாஷ் நினைவகத்தை உலகத்துக்குச் சொன்னார். 1987-ல நான்ட் ஃப்ளாஷ் வந்துச்சு. இன்னிக்கு நம்ம எஸ்எஸ்டி, பென் டிரைவ், கைப்பேசி எல்லாத்துலயும் இருக்கிறது அதுதான். ஆனா சொந்தக் கம்பெனியில உரிய மதிப்பு கிடைக்கலைன்னு வழக்குப் போட வேண்டி வந்துச்சு. 2006-ல சமரசமா முடிஞ்சது.

ஓரத்துத் துளைகளுக்கு ரெண்டே வரி. யுஎஸ்பி 1996-ல வந்தப்போ, அதுல முக்கியப் பங்கு பரோடாவுல படிச்ச அஜய் பட்டுக்கு உண்டு. யுஎஸ்பி-சி 2014-ல வந்துச்சு. எல்லாத் துளையும் பார்க்க ஒண்ணு மாதிரி இருக்கும், வேலை வேற வேற. எதுல சார்ஜ் ஏறும், எதுல திரை இணையும்னு முதல் நாளே சோதிச்சு ஒரு சீட்டுல எழுதி வச்சுக்குங்க.

இப்ப அந்தப் பயம்

இப்பத்தான் சொல்ல வந்த விஷயத்துக்கே வர்றேன்.

2011 செப்டம்பர் 15-ல தமிழ்நாட்டுல மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஆரம்பிச்சது. குழந்தைகளுக்குன்னு ஆலன் கே கண்ட கனவு, நம்ம ஊர்ப் பிள்ளைங்க பையில வந்து உட்கார்ந்துச்சு. எங்க தெருவுல ஒரு தம்பிக்கு அப்படி ஒண்ணு கிடைச்சது. நாலஞ்சு வருஷத்துல பேட்டரி செத்துச்சு, ஹார்ட் டிஸ்க் கடகடன்னு சத்தம் போட்டுச்சு. மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வச்சிருந்த மெக்கானிக், பேட்டரியைத் தாழ்ப்பாள் நகர்த்திக் கழட்டினார். அடியில நாலு ஸ்க்ரூ. ஹார்ட் டிஸ்க் வெளியே, எஸ்எஸ்டி உள்ளே. இன்னொரு பள்ளத்துல இன்னொரு ரேம். அரை மணி நேரம். அந்தப் பொட்டியிலதான் தம்பி கல்லூரிப் படிப்பை முடிச்சு, அப்புறம் தங்கச்சிக்குக் கொடுத்தான்.

என் புதுப் பொட்டியை அதே மனுஷர்கிட்ட காட்டினேன். திருப்பிப் பார்த்தார். மூடியைக் கழட்டினார். "சார், மெமரி போர்டுலயே ஒட்டி வருது. பின்னாடி வேணும்னா போட முடியாது. எஸ்எஸ்டி மாத்தலாம், பேட்டரி ஸ்க்ரூ போட்டது, மாத்தலாம். நீங்க தப்பிச்சீங்க. சிலதுல அதையும் பசை போட்டு ஒட்டிடறான்"னார்.

நாலு ஸ்க்ரூ காலம் எப்ப மாறினது? நாளோட்டத்துல வந்த மாற்றம்தான். ஆனா நல்லாத் தெரிஞ்ச மைல்கல் 2012-ல வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோ. ரேம் சாலிடர், பேட்டரிக்குப் பசை, திறக்கத் தனி வகைத் திருப்புளி. பழுது பார்க்கும் வழியை எழுதற ஐஃபிக்ஸிட் குழு அதுக்குப் பத்துக்கு ஒரு மார்க் போட்டுச்சு. கொஞ்ச நாள்ல மத்த கம்பெனிகளும் அந்த வழியே போச்சு.

ஒட்டறதுக்கு நியாயமான காரணமும் இருக்கு, இல்லைன்னு சொல்லக் கூடாது. குறைஞ்ச மின்சாரத்துல வேகமா ஓடற ரேமுக்கு, செயலிக்கும் அதுக்கும் நடுவுல வழி ரொம்பக் குறுகலா இருக்கணும். பள்ளம், கிளிப்னு வச்சா கனமும் கூடும், வேகமும் குறையும். பத்து கிலோவுலேருந்து 1.3 கிலோவுக்கு வந்த பயணத்துல இது கடைசிக் கட்டம். ஆனா கணக்கைப் பாருங்க. மடியில கனம் குறைஞ்சது. ஒரு சின்ன சில்லு கெட்டா முழு போர்டும் போச்சுங்கிற பயம் வந்துச்சு. தங்கச்சிக்குக் கொடுக்கிற பொட்டி, குப்பைக்குப் போற பொட்டியா ஆகுது. ரிச்சி ஸ்ட்ரீட் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறிவுக்கும் வேலை இல்லாம போகுது.

காத்து கொஞ்சம் திரும்புது. 2021-ல ஃப்ரேம்வொர்க்ங்கிற சின்ன கம்பெனி, ஸ்க்ரூ டிரைவரையும் சேர்த்தே கொடுத்து, எல்லாப் பாகத்தையும் மாத்தற மாதிரி ஒரு மடிக்கணினியை வித்துச்சு. 2022 டிசம்பர்ல நியூயார்க் மாநிலத்துல மின்னணுப் பொருள்களுக்குப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் கையெழுத்தாச்சு. அதே டிசம்பர்ல நம்ம நுகர்வோர் துறையும் அதுக்குன்னு ஒரு இணையவாசலைத் திறந்துச்சு. 2023 டிசம்பர்ல கேம்2ங்கிற புது ரேம் வடிவம் தரநிலை ஆச்சு. ஒட்டின ரேமோட வேகம், ஆனா ஸ்க்ரூ போட்டுக் கழட்டலாம். அதாவது கனமும் கூடாம, கழட்டவும் முடியும்னு பொறியாளர்களே காட்டிட்டாங்க. மீதி நாம வாங்கறப்போ என்ன கேக்கறோம்ங்கிறதைப் பொறுத்தது.

அதனால அடுத்து வாங்கப் போறவங்க கடைக்காரர்கிட்ட வேகம், நிறம், தள்ளுபடி கேக்கறதுக்கு முன்னாடி இந்த நாலையும் கேளுங்க:

1. ரேம் ஒட்டினதா, பள்ளத்துல இருக்கா? ஒட்டினதுன்னா அஞ்சு வருஷத்துக்குத் தேவையானதை இன்னிக்கே வாங்கிடுங்க.
2. எஸ்எஸ்டி கழட்ட முடியுமா? பொட்டி செத்தாலும் உங்க எழுத்து பிழைக்கும்.
3. பேட்டரி ஸ்க்ரூவா, பசையா?
4. பழுது பார்க்கும் கையேட்டைக் கம்பெனி இலவசமா இணையத்துல வச்சிருக்கா? திறக்கிற வழியை மறைக்காதவன் நல்லவன்.

நாலாவது கேள்வியை நான் கேட்டப்போ கடைக்காரப் பையன், "இதெல்லாம் யாரும் கேக்கறதில்லையே சார்"னு சிரிச்சான். நாலு பேர் கேட்டா கேக்கற கேள்வியாயிடும். உங்ககிட்ட இருக்கிற பழைய பொட்டி எத்தனை வருஷம் ஓடுச்சு, எதை மாத்தி ஓட வச்சீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.